ஐம்பது இலட்சம் டொலரும் ஒரு வீடியோவும்

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில் மூத்த செய்தி ஆசிரியர் ஒருவர் ஒரு பாடம் சொல்லித் தந்தார். "வழக்கு இணக்கமாகத் தீர்க்கப்பட்டது என்று எழுதிவிட்டு எழுந்து போய்விடாதே. யார் பணம் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது என்று கேள்" என்பார் அவர். அமெரிக்காவின் சிக்காகோ நகரில் நடந்தேறிய ஒரு விவகாரத்தைப் படிக்கும் போதெல்லாம் அவரது வார்த்தைகளே எனக்கு நினைவுக்கு வருகின்றன.

2014 அக்டோபர் 20ஆம் திகதி இரவு, லக்வான் மக்டொனால்ட் என்ற 17 வயதுக் கறுப்பின இளைஞர் அந்நகரின் வீதியொன்றில் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். கத்தியுடன் பாய்ந்து வந்ததாலேயே சுட நேர்ந்தது என்பது பொலிஸ் தரப்பு கூறிய விளக்கம். மறுநாள் பத்திரிகைகளில் அது வழமையான ஒரு செய்தியாகவே வெளிவந்தது. ஆனால், 2015 பெப்ரவரியில் சுதந்திர ஊடகவியலாளர் ஜேமி கால்வன் பிரேத பரிசோதனை அறிக்கையைத் தேடிப்பெற்று வெளிப்படுத்தினார். அந்த உடலில் 16 குண்டுகள் பாய்ந்திருந்தன.

அடுத்து நடந்தவற்றைத் திகதி வரிசையில் நோக்குவது அவசியம். 2015 ஏப்ரல் 7ஆம் திகதி நடைபெற்ற இரண்டாம் சுற்றுத் தேர்தலில் மேயர் ரஹ்ம் இமானுவேல் மீண்டும் வெற்றி பெற்றார். எட்டு நாட்களின் பின்னர், ஏப்ரல் 15ஆம் திகதி, அந்த இளைஞரின் குடும்பத்திற்கு 50 இலட்சம் டொலர் வழங்க மாநகர சபை விவாதம் எதுவுமின்றி அங்கீகாரம் அளித்தது. எதிர்த்து ஒரு வாக்குத்தானும் அளிக்கப்படவில்லை. விசித்திரம் என்னவென்றால், குடும்பத்தினர் அதுவரை வழக்கே தாக்கல் செய்திருக்கவில்லை. சம்பவத்தைப் பதிவு செய்திருந்த பொலிஸ் வாகன வீடியோவை விசாரணைகள் முடியும்வரை வெளியிடக்கூடாது என்பது இணக்கப்பாட்டின் நிபந்தனைகளில் ஒன்று.

வழங்கப்பட்ட தொகை இரகசியமல்ல. எதற்காக வழங்கப்பட்டது என்பதே மறைக்கப்பட்டிருந்தது. பணத்தைக் கொடுத்த வரியிறுப்பாளர்களுக்கு அந்த வீடியோவைப் பார்க்கும் உரிமை இருக்கவில்லை. ஊடகங்களின் கோரிக்கைகள் நிராகரிக்கப்பட்டன. சுட்ட உத்தியோகத்தர் சம்பளத்துடன் அலுவலகக் கடமையில் இருந்தார்.

பெரிய நிறுவனம் எதையும் சாராத பிரண்டன் ஸ்மித் என்ற ஊடகவியலாளர், தகவல் அறியும் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் சென்றார். வீடியோவை வெளியிடுமாறு 2015 நவம்பர் 19ஆம் திகதி நீதிபதி உத்தரவிட்டார். சம்பவம் நடந்து 13 மாதங்களின் பின்னர், நவம்பர் 24ஆம் திகதி, அது வெளியானது. அந்த இளைஞர் பொலிஸாரை நோக்கிப் பாயவில்லை, விலகி நடந்துகொண்டிருந்தார். தரையில் வீழ்ந்த பின்னரும் குண்டுகள் பாய்ந்தன. அதே தினத்தில்தான் ஜேசன் வான் டைக் என்ற உத்தியோகத்தர் மீது கொலைக் குற்றச்சாட்டு சுமத்தப்பட்டது.

ஒரு வாரத்தில் பொலிஸ் தலைவர் பதவி நீக்கப்பட்டார். அரச வழக்குத்தொடுநர் 2016 மார்ச் மாதம் தமது கட்சியின் வேட்பாளர் தெரிவிலேயே தோற்கடிக்கப்பட்டார். மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று 2018 செப்டெம்பரில் மேயர் அறிவித்தார். அடுத்த மாதம் வான் டைக் குற்றவாளியாகக் காணப்பட்டார். மாநகர சபை வாக்களித்த நாளிலேயே வீடியோவும் மக்கள் முன் வைக்கப்பட்டிருந்தால், இவையெல்லாம் நடக்க இத்தனை காலம் சென்றிருக்குமா?

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்கள் தொடர்பில் 2023 ஜனவரியில் எமது உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம். முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவைத் தனது சொந்தப் பணத்திலிருந்து செலுத்த வேண்டும் என்று நீதியரசர்கள் பணித்தனர். தவறு எது, தவறியவர் யார், பணம் யாருடையது என்ற மூன்றும் பகிரங்கமாக எழுதப்பட்டன.

உயிருக்கு ஈடாக எந்தத் தொகையும் அமையாது. ஆனால், பொதுப்பணத்தில் நட்டஈடு வழங்கப்படும்போது உண்மையும் சேர்த்தே வழங்கப்பட வேண்டும். இல்லையேல், தவறிழைத்தவரைக் காப்பாற்றும் செலவை மக்களே ஏற்பதாகிவிடும்.