மடியும் மார்பும்: ஆடுகோடியின் நிழலில் பால்கட்டின் வரலாறு

பெங்களூரின் தென்பகுதியில் ஓசூர்ச் சாலையை ஒட்டிய ஆடுகோடியில் உள்ள பால்வள ஆராய்ச்சி நிலையம், 1923ஆம் ஆண்டு ஆங்கிலேய அரசு கால்நடை வளர்ப்புக்கும் பால்பண்ணைத் தொழிலுக்குமெனப் பெங்களூரில் நிறுவிய பயிற்சிக்கூடத்தின் தொடர்ச்சியாகும். 1936-இல் இம்பீரியல் பால்வள நிறுவனம் என்று பெயர் பெற்று, விடுதலைக்குப்பின் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனமான அது, 1955-இல் தலைமையகம் கர்னாலுக்குப் பெயர்ந்தபோதும் தென்மண்டல நிலையமாகப் பெங்களூரிலேயே தங்கிவிட்டது. 1927-இல் உடல்நலம் தேறுவதற்காகப் பெங்களூரில் தங்கியிருந்த காந்தியடிகள் அங்கு மாடு வளர்ப்பைக் கற்கச் சென்றதும், பதிவேட்டில் தம்மைச் சபர்மதி ஆசிரமத்து உழவர் என்று குறித்ததும் அந்நிறுவனம் இன்றும் பெருமையோடு நினைவுகூரும் செய்திகள். பசுவின் மடி எவ்வாறு சுரக்கிறது, ஏன் கட்டிக்கொள்கிறது என்று ஆராய அரசும் அறிவியலும் முன்வந்த அக்காலத்தில், பிள்ளை பெற்ற பெண்ணின் மார்பு கட்டிக்கொண்டால் அவளுக்குத் துணை நின்றவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பாட்டியும் தெரு மருத்துவச்சியுமே.

பால்கட்டு என்று தமிழ்ப்பெண்கள் ஒரே சொல்லால் குறிப்பதில் மருத்துவம் பிரித்தறியும் இரண்டு நிலைகள் அடங்கியுள்ளன: பிள்ளை பிறந்த மூன்றாம் நாளையொட்டி இரு மார்புகளும் ஒருசேர விம்மிக் கனப்பது ஒன்று, பாலூட்டிவரும் நாட்களில் ஏதேனும் ஓரிடத்தில் மட்டும் பால் வடியாமல் தேங்கி, தொட்டால் வலிக்கும் கட்டியாகத் தட்டுப்படுவது மற்றொன்று. முதல் வகையை வளர்த்ததில் ஒரு பழைய வழக்கத்துக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. சீம்பால், அதாவது பேற்றுக்குப்பின் முதல் சில நாட்கள் சுரக்கும் மஞ்சள் நிறக் கெட்டிப்பால், குழந்தைக்கு ஆகாது என்று கருதிப் பீச்சிக் கொட்டிவிட்டு, சேனை வைத்தல் என்ற பெயரில் சர்க்கரைத் தண்ணீரைக் குழந்தையின் நாவில் தொட்டுவைக்கும் வழக்கம் தமிழகத்துக் குடும்பங்கள் பலவற்றில் நெடுங்காலம் இருந்தது. குழந்தை உறிஞ்சாத மார்பில் பால் தேங்குவது இயல்பு. ஆகவே வெந்நீர் ஒத்தடம் கொடுத்தும் கையால் பீச்சியும் பாட்டி தீர்த்துவைத்த துன்பத்தில் ஒரு பகுதி, அந்தப் பாட்டி காத்துவந்த வழக்கத்தாலேயே விளைந்தது.

ஆனால் அதே பெண்களின் கையில் இருந்த மற்றொரு வழக்கம் வேறு வகையான கவனத்துக்கு உரியது. குழந்தை இறந்து பிறந்தாலோ, பிறந்த சில நாட்களில் இறந்தாலோ, பால்குடி மறக்கடிக்க வேண்டியிருந்தாலோ, சுரப்பதை நிறுத்துவதற்காக மல்லிகைச் சரத்தை மார்பின்மீது வைத்துக் கட்டுவது தென்னிந்தியாவில் பரவலாக வழங்கியது. குடிக்க ஆளின்றிப் பால் கட்டி வலிக்கும் நிலை, பிள்ளையை இழந்தவளின் துயரத்தோடு உடல் துயரத்தையும் சேர்த்த நிலை. அந்நேரத்தில் கூந்தலுக்குரிய பூவை மருந்தாக்கிய பெண்கள் யாரென்று எந்த ஏடும் குறித்துவைக்கவில்லை. மல்லிகையின் இவ்விளைவை எலிகளிடம் சோதித்த ஆய்வு 1979-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது. 1988-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அடுத்த படிக்குச் சென்று, மல்லிகையையும் அப்போது பால் நிறுத்தக் கொடுக்கப்பட்டுவந்த புரோமோகிரிப்டின் மாத்திரையையும் பிள்ளை பெற்ற பெண்களிடமே ஒப்பிட்டனர். பால் சுரக்கத் தூண்டும் புரோலாக்டின் என்னும் சுரப்புநீரை மாத்திரையே கூடுதலாகக் குறைத்தது. எனினும் மார்பின் விம்மல், பாலின் அளவு, வலிநீக்கி மருந்தின் தேவை ஆகிய மூன்றிலும் பூவும் மாத்திரையும் சமமாக நின்றன. நிறுத்திய பால் மீண்டும் சுரந்த சில நிகழ்வுகள் மாத்திரை உண்டவர்களிடமே காணப்பட்டன. இரத்த அழுத்தம், பக்கவாதம் பற்றிய அச்சத்தால் பால் நிறுத்துவதற்கான அம்மாத்திரையின் பயன்பாடு 1994-இல் அமெரிக்காவில் கைவிடப்பட்டதை இதனோடு சேர்த்து எண்ணினால், பாட்டிமார் கைமருந்தின் மதிப்பு விளங்கும். ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: மல்லிகை பாலை நிறுத்துவதற்கானது, தொடர்ந்து பாலூட்ட விரும்பும் தாயின் பால்கட்டுக்கு அது மருந்தன்று.

தொடர்ந்து ஊட்டும் தாய்க்கான அறிவு மாட்டுத்தொழுவத்தின் வழியாகவே வந்தது. பால் மடியில் நிறைந்திருந்தாலும் பசு மனம் வைத்தால்தான் இறங்கும் என்பதும், மிரண்ட மாடு பாலை எக்கிக்கொள்ளும் என்பதும் கறவைக்காரர்கள் என்றும் அறிந்தவை. 1941-இல் அமெரிக்காவில் ஈலி, பீட்டர்சன் என்னும் இருவர், ஆக்சிடோசின் என்ற சுரப்புநீர் பாலை இறக்குகிறது என்றும் அச்சத்தில் ஊறும் அட்ரினலின் அதைத் தடுக்கிறது என்றும் பசுக்களிடம் காட்டினர். ஏழாண்டு கழித்து, 1948-இல், நியூட்டன் தம்பதியர் அதே செய்தியைப் பாலூட்டும் ஒரு தாயிடம் மெய்ப்பித்தனர்: வலியும் கவனச்சிதறலும் நேர்ந்தபோது குழந்தைக்குக் கிடைத்த பால் குறைந்தது, ஆக்சிடோசின் செலுத்தியபோது மீண்டது. தேங்கிய பால் இறங்க முதல் தேவை தாயின் அமைதி என்பது இதனால் உறுதிப்பட்டது.

பாற்குழாயின் உடற்கூறு இன்னும் தாமதமாகவே தெளிந்தது. ஆஸ்ட்லி கூப்பர் 1840-இல் இறந்த பெண்களின் உடலில் மெழுகு செலுத்தி வரைந்த படங்களை ஒட்டியே ஒன்றரை நூற்றாண்டுக் காலம் பாடநூல்கள் எழுதப்பட்டன. 2005-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பாலூட்டும் தாய்மாரை ஒலியலைக் கருவியால் நோக்கி, முலைக்காம்புக்குச் செல்லும் முதன்மைக் குழாய்கள் சராசரியாக ஒன்பதே என்றும், அவை மிக நுண்ணியவை என்றும், பாடநூல்கள் சொன்ன பாற்பைகள் அங்கில்லை என்றும் கண்டனர். குழாய்க்குள் பால் திரண்டு அடைப்பதால் கட்டி உண்டாகிறது என்ற எண்ணமும் இப்போது மாறிவருகிறது: சுற்றியுள்ள திசு வீங்கிக் குழாயை நெரிப்பதே பெரும்பாலும் காரணம். தாய்ப்பாலூட்டல் மருத்துவத்துக்கான பன்னாட்டுக் கழகம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறை, கட்டியை அழுத்திப் பிசைவதையும் அளவுக்கு மீறிப் பீச்சுவதையும் தவிர்த்து, குழந்தை கேட்கும்போது ஊட்டி, குளிர்ந்த ஒத்தடமும் வீக்கம் தணிக்கும் மருந்தும் கொள்ளச் சொல்கிறது. கல்லாய் இறுகிய மார்பை வலுவாகத் தேய்த்து உடைக்க முயன்ற பழைய கைமுறை, வீக்கத்தை மிகுத்திருக்கக்கூடும் என்பதே இதன் பொருள். சூடு சிலருக்கு இதம் தந்தாலும் வீக்கத்தைக் கூட்டலாம் என்பதால் வெந்நீர் ஒத்தடமும் முன்போல் பரிந்துரைக்கப்படுவதில்லை. காய்ச்சலும் சிவப்பும் ஒரு நாளுக்குமேல் நீடித்தால் மருத்துவரிடம் செல்வதே முறை.

கறவை நேரம் தவறினால் மடி கட்டும் என்பதால் எந்தப் பண்ணையும் அந்த நேரத்தைத் தவறவிடுவதில்லை. ஆடுகோடியைக் கடந்து செல்லும் ஓசூர்ச் சாலையின் ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்திருக்கும் தாய்க்கும் அதே உடலியல்தான் பொருந்தும். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், குழந்தைக்குப் பதினைந்து மாதம் நிறையும்வரை, வழக்கமான ஓய்வுநேரம் நீங்கலாக, நாளொன்றுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகளை அவளுக்கு உரிமையாக்கியது. ஐம்பது பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கு சென்றுவரலாம் என்றும் 2017ஆம் ஆண்டின் திருத்தம் கூறியது.