டொமினிக்காவின் பொருளாதாரமும் முதலீட்டு வாய்ப்புகளும்

டொமினிக்கா (முழுப் பெயர்: டொமினிக்கா பொதுநலவாயம்) கரிபியன் கடலின் சிறிய அண்டிலிசுத் தொடரில் அமைந்துள்ள ஒரு தீவு நாடு ஆகும். இதன் பரப்பளவு ஏறத்தாழ 750 சதுர கிலோமீட்டர், மக்கள் தொகை சுமார் 70,000, தலைநகரம் ரோசோ. இது இசுப்பானியோலா தீவில் உள்ள டொமினிக்கன் குடியரசிலிருந்து வேறானது. வேளாண்மை, சுற்றுலா, எரிசக்தி, குடியுரிமைத் திட்டம் ஆகியவை இந்நாட்டில் முதலீட்டுக்குரிய முதன்மைத் துறைகள். ஒவ்வொரு காலத்திலும் ஒரே ஒரு வருவாய் மூலத்தை நம்பியிருந்ததும், அம்மூலம் சூறாவளியாலோ அயல்நாட்டு முடிவுகளாலோ பறிபோனதும் இந்நாட்டுப் பொருளாதார வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படுகின்றன.

பின்னணி

டொமினிக்கா நவம்பர் 3, 1978 அன்று பிரித்தானியாவிடமிருந்து விடுதலை பெற்றது. வடக்கில் குவாதலூப்பேயும் தெற்கில் மார்டினிக்கும் உள்ளன. எரிமலைகளால் உருவான மலைப்பாங்கான நிலம் ஆதலால் சமவெளி மிகக் குறைவு. வெண்மணல் கடற்கரைகளும் அரிது. எனவே அண்டை நாடுகளில் காணப்படும் பெரிய கரும்புத் தோட்டங்களோ கடற்கரைச் சுற்றுலாவோ இங்கு அதே அளவில் வளரவில்லை. மிகுந்த மழை, ஆறுகள், அடர்ந்த காடு, நிலத்தடி வெப்பம் ஆகியவையே தீவின் இயற்கை வளங்கள்.

கிழக்குக் கரிபியன் டாலர் இந்நாட்டின் நாணயம் ஆகும். 1976 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்ற நிலையான மாற்று வீதம் நடைமுறையில் உள்ளது. 1983இல் நிறுவப்பட்ட கிழக்குக் கரிபியன் நடுவண் வங்கி இந்நாணயத்தை வெளியிடுகின்றது. நாணய மதிப்பு அடிக்கடி மாறாதிருப்பது முதலீட்டாளர்களுக்குச் சாதகமானது. அதே வேளையில், நெருக்கடிக் காலங்களில் நாணய மதிப்பைக் குறைத்து ஏற்றுமதியைப் பெருக்கும் வழி அரசுக்கு இல்லை.

வேளாண்மை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எலுமிச்சை இத்தீவின் முதன்மைப் பயிராக இருந்தது. 1950களில் கீஸ்ட் என்னும் பிரித்தானிய நிறுவனம் வாழைப்பழங்களைத் தொடர்ந்து கொள்முதல் செய்யத் தொடங்கியபின் வாழை அவ்விடத்தைப் பிடித்தது. மலைச்சரிவில் ஓரிரு ஏக்கர் நிலம் வைத்திருந்த சிறு விவசாயிக்கும் வாழை தொடர்ச்சியான வருவாயை அளித்தது.

ஆகத்து 29, 1979 அன்று தாக்கிய டேவிட் சூறாவளி வாழைத் தோட்டங்களை ஏறத்தாழ முழுவதுமாக அழித்தது. அடுத்த ஆண்டு ஆலன் சூறாவளியும் சேதம் விளைவித்தது. தோட்டங்கள் மீண்டும் நடப்பட்டன. ஆயினும் இரண்டாவது அடி சந்தையிலிருந்து வந்தது. முன்னாள் குடியேற்ற நாடுகளின் வாழைக்கு ஐரோப்பிய ஒன்றியம் வழங்கிய சலுகையை எதிர்த்து ஐக்கிய அமெரிக்கா, எக்குவடோர், குவாத்தமாலா, ஒண்டுராசு, மெக்சிக்கோ ஆகிய நாடுகள் உலக வணிக அமைப்பில் முறையிட்டன. 1997இல் தீர்ப்பு ஐரோப்பிய ஒன்றியத்துக்கு எதிராக அமைந்தது. 2009 டிசம்பரில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, இலத்தீன் அமெரிக்க வாழைக்கான ஐரோப்பியச் சுங்கவரியை டன்னுக்கு 176 யூரோவிலிருந்து படிப்படியாக 114 யூரோவாகக் குறைக்க முடிவு செய்யப்பட்டது. பெருந்தோட்டங்களின் விலையோடு மலைச்சரிவுச் சிறு விவசாயிகள் போட்டியிட இயலவில்லை. பலர் வாழைப் பயிரைக் கைவிட்டனர்.

இன்று வேளாண்மையில் முதலீட்டுக்கு இடமுள்ளவையாகக் கருதப்படுவன:

* சேப்பங்கிழங்கு, வள்ளிக்கிழங்கு, சமையல் வாழை ஆகியவற்றை அண்டைத் தீவுகளுக்கு ஏற்றுமதி செய்தல்
* கொக்கோ, காப்பி ஆகியவற்றைச் சிறிய அளவில், உயர் தரத்தில் பயிரிட்டுப் பதப்படுத்தல்
* பழச்சாறு, மிளகாய்ச் சுவைச்சாறு, வாசனை எண்ணெய் போன்ற பதப்படுத்திய பொருட்கள்

மண்ணுக்குள் விளையும் கிழங்குப் பயிர்கள் வாழையை விடக் காற்றைத் தாங்கவல்லவை என்பது இவற்றின் கூடுதல் சிறப்பு. மலைப்பாதைகள், சிறு நிலத்துண்டுகள், போதிய கப்பல் வசதியின்மை ஆகியவை தடைகளாக உள்ளன.

சுற்றுலா

டொமினிக்கா தன்னை "இயற்கைத் தீவு" என அறிமுகப்படுத்திக்கொள்கின்றது. மோர்ன் துருவா பித்தோன் தேசியப் பூங்கா 1997இல் யுனெசுக்கோ உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. கொதிக்கும் ஏரி இப்பூங்காவில் உள்ளது. தீவின் தெற்கிலிருந்து வடக்கு வரை செல்லும் வைதுகுபுலி நடைபாதை 14 பகுதிகளைக் கொண்டது. எண்ணெய்த் திமிங்கிலங்கள் மேற்குக் கடற்பகுதியில் ஆண்டு முழுவதும் காணப்படுகின்றன. அவற்றுக்கென ஏறத்தாழ 800 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு காப்பகம் அமைக்கப்படும் என 2023 நவம்பரில் அரசு அறிவித்தது.

சிறு விடுதிகள், மலையேற்ற வழிகாட்டல், ஆழ்கடல் நீச்சல், திமிங்கிலம் காணும் படகுப் பயணம் ஆகியவை பெருமுதல் இன்றியே தொடங்கத்தக்கவை. போக்குவரத்து நீண்டகாலக் குறையாக இருந்து வந்துள்ளது. டக்ளசு-சார்லசு விமான நிலையத்தின் ஓடுபாதையில் பெரிய விமானங்கள் இறங்க இயலாது. 2021 டிசம்பரில் மயாமியிலிருந்து நேரடி விமானச் சேவை தொடங்கியது. வெசுலி பகுதியில் புதிய பன்னாட்டு விமான நிலையம் அமைக்கும் பணி மேற்கொள்ளப்பட்டுள்ளது.

எரிசக்தி

ரோசோ பள்ளத்தாக்கில் நெடுங்காலமாக நீர்மின் நிலையங்கள் இயங்கி வருகின்றன. எஞ்சிய மின்சாரம் பெரும்பாலும் இறக்குமதி செய்யப்படும் டீசலைக் கொண்டு பெறப்பட்டது. எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் விடுதிகளும் தொழிற்கூடங்களும் உயர்ந்த மின் கட்டணத்தைச் செலுத்த வேண்டியிருந்தது.

இதற்கு மாற்றாகப் புவிவெப்ப மின்சாரம் முன்வைக்கப்பட்டது. லோடா, வொட்டன் வேவன் பகுதிகளில் 2011-12 காலத்தில் ஆய்வுக் கிணறுகள் தோண்டப்பட்டன. 2023 டிசம்பரில் 10 மெகாவாட் திறனுள்ள நிலையத்தைக் கட்டி இயக்க ஓர்மாட் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. மரியா சூறாவளிக்கு முன் நாட்டின் உச்ச மின்தேவையே 20 மெகாவாட்டை எட்டவில்லை என்பதால் இத்திட்டத்தின் முக்கியத்துவம் விளங்கும். கடலடிக் கம்பிவடம் மூலம் குவாதலூப்பேக்கும் மார்டினிக்குக்கும் மின்சாரம் விற்கும் கருத்தும் முன்மொழியப்பட்டுள்ளது. நிலத்தடி வெப்பத்தைச் சூறாவளி அழிப்பதில்லை. எனினும் மின்கம்பங்களும் வழித்தடங்களும் அழியக்கூடியவை.

உற்பத்தித் தொழிலும் கல்வியும்

தேங்காய் எண்ணெயிலிருந்து சவர்க்காரம் செய்யும் தொழில் முன்னர் சிறந்து விளங்கியது. 1995இல் கோல்கேட்-பாமாலிவ் இத்தொழிற்சாலையை வாங்கியது. 2015இல் எரிக்கா வெப்பமண்டலப் புயலில் சேதமடைந்தபின் அது மூடப்பட்டது.

1978இல் தொடங்கப்பட்ட ராசு பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி போர்ட்சுமவுத் நகரில் இயங்கியது. வட அமெரிக்க மாணவர்களுக்கு வீடு வாடகைக்கு விடுதல், உணவகம், வாடகை வண்டி ஆகியவை அந்நகர மக்களின் வாழ்வாதாரமாக இருந்தன. மரியா சூறாவளிக்குப் பின் அப்பள்ளி பார்படோசுக்கு இடம்பெயர்ந்தது. இடம்பெயர்வு 2018இல் அறிவிக்கப்பட்டது. கடன் பெற்று மாணவர் விடுதிகளைக் கட்டியவர்களுக்கு இது பெரும் இழப்பாயிற்று.

முதலீட்டுவழிக் குடியுரிமை

1993இல் தொடங்கிய திட்டத்தின்படி, அரசு நிதிக்கு நன்கொடை அளிப்போரும், பின்னாளில் அங்கீகரிக்கப்பட்ட சொத்துகளில் முதலிடுவோரும் குடியுரிமை பெறலாம். வாழை ஏற்றுமதி வீழ்ந்தபின் இது அரசின் முக்கிய வருவாய் மூலமாக வளர்ந்தது. மரியாவுக்குப் பிந்திய வீடமைப்புப் பணிகளுக்கும், கேப்ரிட்சுப் பகுதியில் 2019இல் திறக்கப்பட்ட நட்சத்திர விடுதிக்கும் இதன்வழியே பணம் திரட்டப்பட்டது.

2023 சூலையில் டொமினிக்காக் குடிமக்களுக்கான நுழைவிசைவற்ற பயண உரிமையை ஐக்கிய இராச்சியம் நீக்கியது. இத்திட்டத்தைப் பற்றிய ஐயமே காரணமாகக் கூறப்பட்டது. 2024இல் அண்டை நாடுகளுடன் செய்த உடன்பாட்டின்படி குறைந்தபட்ச முதலீடு 200,000 அமெரிக்க டாலராக உயர்த்தப்பட்டது. கடவுச்சீட்டின் மதிப்பு அயல்நாடுகள் தரும் பயண உரிமையைச் சார்ந்தது ஆதலால், வாழையைப் போலவே இதுவும் வெளியார் முடிவுக்கு உட்பட்டது.

சட்டமும் வரியும்

நாட்டின் சட்ட அமைப்பு ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. 2015 முதல் கரிபிய நீதிமன்றமே இறுதி மேல்முறையீட்டு மன்றமாகும். மதிப்புக் கூட்டு வரி 2006இல் 15 விழுக்காடாக அறிமுகமானது. விடுதி, உற்பத்தி ஆகிய துறைகளில் தகுதியுள்ள திட்டங்களுக்கு வரிவிலக்கும் சுங்கவரிச் சலுகையும் உண்டு. டொமினிக்கா முதலீட்டு ஆணையம் முதலீட்டாளர்களுக்கு வழிகாட்டுகின்றது. அயல்நாட்டவர் குறிப்பிட்ட அளவுக்கு மேல் நிலம் வாங்க உரிமம் பெற வேண்டும். கிழக்குக் கரையிலுள்ள கலினாகோ பழங்குடிப் பகுதியின் நிலம் மக்களின் பொதுவுடைமை. அது வெளியாருக்கு விற்கப்படுவதில்லை.

பேரிடர் இடர்

செப்டம்பர் 18, 2017 அன்று ஐந்தாம் வகைச் சூறாவளியான மரியா தீவைத் தாக்கியது. சேதமும் இழப்பும் சேர்ந்து சுமார் 130 கோடி அமெரிக்க டாலர் என மதிப்பிடப்பட்டது. இது 2016ஆம் ஆண்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 226 விழுக்காடு ஆகும். கரிபியன் பேரிடர்க் காப்பீட்டு நிதியத்திலிருந்து கிடைத்த தொகை ஏறத்தாழ 1.9 கோடி டாலர் மட்டுமே.

இதன்பின், தட்பவெப்ப மாற்றத்தைத் தாங்கவல்ல நாடாக மாறுவதை அரசு இலக்காக அறிவித்து, 2018இல் அதற்கென ஒரு செயலாக்க முகமையை அமைத்தது. கட்டட விதிகள் கடுமையாக்கப்பட்டன. இதனால் எத்துறையில் முதலிடுவோரும் காப்பீட்டுக் கட்டணம், உறுதியான கட்டுமானம், மின் தடையின்போதான மாற்று ஏற்பாடு ஆகியவற்றை மூலதனச் செலவின் பகுதியாகவே கணக்கிட வேண்டியுள்ளது.