அரை மணி நேர சாதகம்: கார்ல் ஃபிளெஷ் போட்ட கணக்கு

சாதகம் என்றதும் நம் தலைமுறைக்கு நினைவு வருவது விடியற்காலை நான்கு மணிதான். எத்தனை மணி நேரம் என்பதில்தான் பெருமையே. "தினம் எட்டு மணி நேரம் சாதகம் பண்ணுவாராம்" என்று ஒரு வித்வானைப் பற்றி யாராவது சொல்லிவிட்டால், அதற்கு மேல் நாம் சான்று கேட்பதில்லை. நூறு, நூற்றிருபது வருஷத்துக்கு முன் ஐரோப்பாவிலும் இதே பேச்சுதான் இருந்தது. அந்தப் பேச்சை எதிர்த்து ஒரு வயலின் வாத்தியார் 1911-இல் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அந்தக் காலத்தில் ஐரோப்பிய வயலின் உலகில் பெரிய பெயர் ஒட்டகார் ஷெவ்சிக். செக் நாட்டுக்காரர். விரலுக்கும் வில்லுக்கும் தனித்தனியாகப் பயிற்சிப் புத்தகங்கள் எழுதிக் குவித்தவர். வில் பயிற்சிகளில் மட்டும் 4000 வகை என்று கணக்கு. இவருடைய சீடர் யான் குபெலிக் சிறு வயதிலேயே தினம் பத்து மணி நேரத்துக்கு மேல் வாசித்தார் என்று சொல்வார்கள். முறை நல்ல முறைதான். ஆனால் அதைச் செய்து முடிக்க மனிதனுக்கு வேறு வேலை இருக்கக்கூடாது.

வேறு வேலை இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? பகலில் ஒத்திகை, ராத்திரி நாடக அரங்கில் வாசிப்பு என்று ஓடிய வாத்தியக் குழுக்காரர், காலையிலிருந்து மாலை வரை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார், ரயிலிலேயே பாதி நாளைக் கழித்த கச்சேரிக்காரர். இவர்கள் கையெல்லாம் மெல்ல மெல்ல மழுங்கியது. நாள் முழுக்க வயலின் தோளில் இருந்தும், வாசிப்பு பின்னுக்குப் போனது. விரல் மழுங்கினால் நாற்காலி போகும், நாற்காலி போனால் குடும்பம் என்ன ஆகும்?

கார்ல் ஃபிளெஷ் இந்த ஓட்டத்தை உள்ளிருந்தே பார்த்தவர். 1873-இல் ஹங்கேரியில் மோஷன் என்ற ஊரில் பிறந்தவர். வியன்னாவிலும் பாரிஸிலும் படித்தார். புகாரெஸ்டிலும் ஆம்ஸ்டர்டாமிலும் சொல்லிக்கொடுத்தார். 1908-இல் பெர்லினில் குடியேறினார். அதற்கு முன்பே 1905-இல் அதே பெர்லினில், கொரெல்லி காலம் முதல் ரேகர் காலம் வரையிலான வயலின் இசை வரலாற்றை ஐந்து கச்சேரிகளில் வாசித்துக் காட்டியிருந்தார். பியானோக்காரர் ஷ்னாபெலுடன் சேர்ந்து நிறைய வாசித்தார். கூடவே சீடர்கள். இப்படி ஒரு மனிதருக்குத் தினம் எட்டு மணி நேரம் எங்கிருந்து கிடைக்கும்?

1911 புத்தகத்தின் பெயர் 'ஊர்ஷ்டூடியன்'. (இந்த 'ஊர்' நம் ஊர் இல்லை, ஜெர்மன் மொழியில் ஆதி, மூலம் என்று பொருள்.) மூலப் பயிற்சிகள் என்று சொல்லலாம். அதற்கு முன் எல்லோரும் நம்பியிருந்தது க்ரூட்ஸர், ரோட் போன்றவர்களின் பயிற்சி உருப்படிகளை. க்ரூட்ஸரின் 42 உருப்படிகள் இன்றைக்கும் வயலின்காரர்களின் பாலபாடம். அழகானவை. ஆனால் ஒரு உருப்படியை எடுத்தால் இரண்டு மூன்று பக்கம் ஒரே வகை அசைவு திரும்பத் திரும்ப வரும். அந்த அசைவு ஏற்கெனவே கைக்கு வந்தவருக்கு மிச்ச நேரம் வீண். அடுத்த அசைவுக்கு அடுத்த உருப்படி. இப்படிப் போனால் ஒரு சுற்று முடியவே சில நாள் ஆகும்.

ஃபிளெஷ் கேட்டது வேறு கேள்வி. வயலின் வாசிக்கும்போது உடம்பு மொத்தம் எத்தனை வகை அசைவுதான் செய்கிறது? யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும், ரொம்பக் குறைவு. இடது கையில் விரல் தந்தியில் விழுவதும் எழுவதும் ஒன்று. விரல் தந்தியோடு முன்னும் பின்னும் நகர்வது ஒன்று. ஒரு தந்தியிலிருந்து அடுத்த தந்திக்குத் தாண்டுவது ஒன்று. கட்டைவிரலோடு மொத்தக் கையும் மேலே ஏறி இறங்குவது ஒன்று. வலது கையில் மேல்கை, முன்கை, மணிக்கட்டு, விரல்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு. ஆயிரம் ராகம் வாசித்தாலும், ஆயிரம் கான்சர்ட்டோ வாசித்தாலும் இவற்றின் சேர்க்கைதான். ஆகவே ஒவ்வொரு அசைவையும் தனியே பிரித்து, அதன் மிகச் சுருக்கமான வடிவத்தில், தினம் ஒரு தடவை உடம்புக்கு ஞாபகப்படுத்திவிட்டால் போதும். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய அரை மணி.

பயிற்சிகளைப் பார்த்தால் இசை என்று சொல்ல முடியாது. மூன்று விரல்களைத் தந்தியில் அழுத்தி வைத்துக்கொண்டு நான்காவதை மட்டும் தூக்கித் தூக்கிப் போட வேண்டும். சிலவற்றுக்கு வில்லே வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு இதைவிட நல்ல சாதக முறை கிடையாது!

அதே 1911-இல்தான் அமெரிக்காவில் ஃப்ரெடரிக் டெய்லர் தொழிற்சாலை வேலையைச் சின்னச் சின்ன அசைவுகளாகப் பிரித்து நேரம் மிச்சம் பிடிப்பது பற்றிய தன் புகழ்பெற்ற புத்தகத்தை வெளியிட்டார். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதாக நான் சொல்லவில்லை. காலத்தின் காற்று அப்படி.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இது கையில் ஏற்கெனவே வித்தை இருப்பவருக்கான மருந்து. இருப்பதைக் காப்பாற்றும், இல்லாததைக் கொண்டுவராது. ஆரம்பப் பையனிடம் கொடுத்தால் விரலை இறுக்கிக்கொண்டு கையைக் கெடுத்துக்கொள்வான். "குறைந்த நேரத்தில் வயலின்" என்று யாராவது விளம்பரம் செய்தால், யாருக்கு என்று முதலில் கேட்க வேண்டும்.

ஃபிளெஷின் காலத்திலேயே இன்னொரு கட்சியும் இருந்தது. ஃபிரிட்ஸ் க்ரைஸ்லர் அதன் தலைவர். பன்னிரண்டு வயதில் பாரிஸில் முதல் பரிசு வாங்கியவர், பிறகு வயலினை வைத்துவிட்டு மருத்துவம் படிக்கப் போனார், ராணுவத்துக்குப் போனார், திரும்பி வந்து உலகத்தையே மயக்கினார். அதிக சாதகம் மூளையை மரத்துப்போகச் செய்யும் என்பது அவர் கட்சி. கச்சேரிக்கு முன் விரல்களை வெந்நீரில் நனைத்துக்கொண்டால் போதும் என்பார். க்ரைஸ்லருக்குப் போதும்தான். நமக்கு வெந்நீர் குளிக்கத்தான் உதவும். ரஷ்யாவில் பெரிய வாத்தியாராக இருந்த லியோபோல்ட் ஆவர் இரண்டுக்கும் நடுவில் நின்றார். விரலால் மட்டும் சாதகம் செய்தால் நாள் முழுக்க வேண்டும், புத்தியால் செய்தால் ஒன்றரை மணி போதும் என்று அவர் சொன்னதாக அவருடைய சீடர் நேதன் மில்ஸ்டைன் நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஃபிளெஷும் அசைவுகளோடு நிற்கவில்லை. 1920-களில் வந்த 'வயலின் வாசிக்கும் கலை' என்ற பெரிய நூலில் சாதகத்தை மூன்றாகப் பிரித்தார். பொதுவான கைத்திறன், உருப்படியில் வரும் கடினமான இடங்கள், பிறகு எதையும் திருத்தாமல் சும்மா சங்கீதமாக வாசிப்பது. நேரம் குறைந்தால் நாம் முதலில் கைவிடுவது இந்த மூன்றாவதைத்தான். அவர் அதற்கும் பங்கு ஒதுக்கினார். 1926-இல் வந்த அவருடைய 'ஸ்கேல் சிஸ்டம்' இன்றும் மேல்நாட்டு இசைக் கல்லூரிகளில் புழங்குகிறது. 24 ஸ்தாயி அமைப்புகளுக்கும் ஒரே வார்ப்பில் பயிற்சி இருப்பதால், நாளுக்கு நாள் அமைப்பை மாற்றிக்கொண்டே போகலாம்.

யூதர் என்பதால் 1934-இல் ஜெர்மனியை விட்டு லண்டன் போனார். போரின்போது ஹாலந்தில் ஜெர்மானியர் பிடியில் சிக்கி, மீண்டு, ஹங்கேரி வழியாக ஸ்விட்சர்லாந்து சேர்ந்தார். 1944-இல் லூசர்ன் நகரில் காலமானார். ஐடா ஹெண்டல், ஹென்ரிக் ஷெரிங், ஜினெட் நெவ் எல்லாரும் அவரிடம் பாடம் கேட்டவர்கள்.

இந்த அரை மணி நம் கர்நாடக வயலினுக்கு உதவுமா என்று ஒரு நண்பர் கேட்டார். இடது கைப் பகுதி அப்படியே பொருந்தாது. மேல்நாட்டுக்காரர் நின்றுகொண்டு, மோவாய்க்கும் தோளுக்கும் நடுவில் வயலினை இடுக்கிக்கொண்டு வாசிக்கிறார். நாம் சப்பணமிட்டு உட்கார்ந்து, வயலின் தலையை வலது கணுக்காலில் ஊன்றுகிறோம். வயலினைத் தாங்கும் வேலை இடது கைக்கு இல்லை. அதனால்தான் கமகத்துக்கும் ஜாருவுக்கும் அது தந்தி முழுக்கத் தாராளமாக வழுக்கிப் போகிறது. கட்டைவிரல் ஏறி இறங்க அவர் எழுதிய பயிற்சிகள் நமக்கு வேண்டியதில்லை. வலது கை விஷயம் வேறு. தந்தி மாறும்போது மேல்கை எவ்வளவு அசைய வேண்டும், வில்லின் அடியில் திரும்பும்போது மணிக்கட்டும் விரலும் எப்படி இளக வேண்டும் என்பதெல்லாம் உட்கார்ந்தாலும் நின்றாலும் பார்க்க வேண்டியவைதான். திறந்த தந்திகளில் நீள வில் பத்து நிமிஷம், மூன்று காலத்தில் ஜண்டை வரிசை பத்து நிமிஷம், மிச்ச நேரத்துக்கு இரண்டு காலத்தில் ஒரு வர்ணம் என்று நண்பரிடம் சொன்னேன். "ராகம் எப்போது வாசிப்பது?" என்றார். வர்ணத்தை ஒரு காலமாகக் குறைத்துக்கொண்டார்.