மூணாற்றில் மைலும் மீட்டரும்

மூணாறு மலையில் வழியின் தொலைவை நெடுங்காலம் நடையே சொன்னது. ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், நடக்கிற தூரம் ‘நாழிகை வழி’. சமவெளியில் நீளும் இந்த அளவு ஏற்றத்தில் சுருங்கிவிடும். அதைக் குறை என்று சொல்வதற்கில்லை. சுமையோடு மலையேறுபவர் கேட்பது எப்போது போய்ச் சேரலாம் என்றுதான்.

மைலும் அடியும் நில அளவையோடு வந்தன. 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்ற இரு படை அதிகாரிகள் திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்து வரைபடமாக்கினர். 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்திடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். பரப்பு ஏறத்தாழ 1,37,000 ஏக்கர். இன்றைய கணக்கில் சுமார் 554 சதுர கிலோமீட்டர்.

ஏக்கரை அளக்க உதவியது சர்வே சங்கிலி. அதன் நீளம் 66 அடி. 100 கண்ணிகள் கொண்டது. பத்துச் சங்கிலி நீளமும் ஒரு சங்கிலி அகலமும் சேர்ந்தால் ஓர் ஏக்கர். எண்பது சங்கிலி ஒரு மைல். தேயிலைச் சரிவில் சங்கிலியைத் தரையோடு கிடத்தி அளந்தால் கணக்குத் தப்பும். அதைக் கிடைமட்டமாகப் பிடித்து, படிபடியாக இறக்கி அளக்க வேண்டும். 30 பாகைச் சரிவில் 100 அடி இறங்கினால் வரைபடத்தில் ஏறுவது சுமார் 87 அடிதான். செடி நிற்கும் மண் பத்திரத்தில் உள்ளதைவிடக் கூடுதல் என்பது இப்படித்தான்.

1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடத் தொடங்கியது. 1908இல் அது இரண்டு அடி அகலப் பாதையாக மாறியது, மில்லிமீட்டரில் 609.6. தேயிலை டாப் ஸ்டேஷன் வரை ரயிலிலும், அங்கிருந்து கம்பிவடத்தில் கீழே குரங்கணிப் பக்கமும் இறங்கி, போடிநாயக்கனூரை அடைந்தது. 1924 வெள்ளம் அந்த ரயிலை அழித்துவிட்டது.

இந்தியா 1956இல் சட்டம் இயற்றி, 1958 அக்டோபர் 1 முதல் மெட்ரிக் அளவைப் படிப்படியாகப் புகுத்தியது. கணக்கு இதுதான்: ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், ஓர் அடி 0.3048 மீட்டர், ஒரு மைல் 1.609344 கிலோமீட்டர். பழைய இந்திய சர்வே அடி இதைவிட மிகச் சிறிதே குட்டை. ஒரு மைலுக்குச் சில மில்லிமீட்டர் வித்தியாசம். வழிப்போக்கருக்கு அது பொருட்டல்ல, முக்கோண அளவையில் பொருட்டு.

மனக்கணக்குக்கு ஐந்து மைல் எட்டு கிலோமீட்டர் என்று கொண்டால் போதும். பிழை நூற்றுக்கு ஒன்றுகூட வராது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் 32 கிலோமீட்டர் என்றால் 20 மைல். உயரத்துக்கு அடியைப் பத்தால் பெருக்கி 33ஆல் வகுக்கலாம். ஆனைமுடியின் 8,842 அடி இப்படி 2,679 மீட்டராகும். சரியான அளவு 2,695. சிகரத்துக்கு இந்தக் குறுக்குவழி உதவாது.

மைல்கற்களில் எண் மாறியும் ஊர்ப் பெயர்கள் மாறவில்லை. அடிமாலிப் பக்கம் பத்தாம் மைல், பள்ளிவாசல் பக்கம் இரண்டாம் மைல் என்றே ஊர்கள் நிற்கின்றன. அடிமாலிக்கு அருகே ‘இருநூறு ஏக்கர்’ என்றே ஓர் ஊர் உண்டு. நிலப் பத்திரத்தில் அளவு ‘ஆர்’, அதாவது நூறு சதுர மீட்டர். 4.05 ஆர் என்று எழுதிய மனையை வாங்குபவரும் விற்பவரும் பத்து சென்ட் என்றே பேசி விலை முடிக்கிறார்கள்.