பேசாத நோயாளியின் சாட்சி



வரலாறு என்றவுடன் மன்னர்களின் ஆட்சியும் போர்களும் நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு துளிக் குருதிக்கும் வரலாறு உண்டு. அதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு தங்கை பிறந்தாள். ஐந்தாம் நாள் காலையில் அவள் பால் குடிக்க மறுத்தாள். அழவில்லை, உடம்பு சுடவும் இல்லை, சற்றுக் குளிர்ந்தே இருந்தது. 'காய்ச்சல் இல்லையே, அயர்ந்து தூங்குகிறாள்' என்று பெரியவர்கள் ஆறுதல் கூறினர். மறுநாள் விடியுமுன் அவள் எங்களை விட்டுப் போய்விட்டாள். என்ன நோய் என்று அன்று எவரும் அறியவில்லை. இன்றும் எனக்கு உறுதியாகத் தெரியாது. ஆயினும், ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் மருத்துவ வரலாற்று நூல்களை நான் தேடிப் படிப்பதற்கு அந்த விடியற்காலையே காரணம்.

பச்சிளங்குழந்தையின் குருதியில் நோய்க்கிருமி புகுந்து உடலெங்கும் கேடு விளைப்பதைச் 'செப்சிஸ்' என்று மருத்துவர்கள் குறிப்பிடுவர். வளர்ந்தவர் தம் துன்பத்தை வாய்விட்டுச் சொல்வர். குழந்தையோ பால் மறுக்கும், சோர்ந்து கிடக்கும், மூச்சுத் திணறும், சில வேளைகளில் உடல் குளிரும். இவ்வறிகுறிகள் வேறு காரணங்களாலும் தோன்றக் கூடும். குருதியை எடுத்து, அதில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது நெடுங்காலமாக இருந்துவரும் சோதனை. அதன் முடிவு தெரிய ஓரிரு நாள் ஆகும். மேலும், 3 கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் இருக்கும் குருதி முழுவதும் சுமார் 250 மில்லிலிட்டரே. அதிலிருந்து மருத்துவர் மிகச் சிறிதளவே எடுக்க இயலும்; அதில் கிருமி அகப்படாமல் போவதும் உண்டு. நோயோ ஒரு நாளுக்குள் முற்றிவிடக்கூடும்.

இந்நோயின் கொடுமையை எண்ணிக்கையால் உலகுக்குக் காட்டியவர்களுள் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் எதெல் டன்ஹம் அம்மையார் முன்னோடி. நியூ ஹேவன் நகர மருத்துவமனையில் கண்ட குழந்தைகளைப் பற்றி 1933இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். யேல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அம்மருத்துவமனையில் 1928ஆம் ஆண்டளவில் இந்நோய் கண்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 87 பேர் இறந்தனர். 2003ஆம் ஆண்டில் அவ்வெண் 3 ஆகக் குறைந்தது. கிருமிகளைக் கொல்லும் மருந்துகளும் சிறந்த பராமரிப்பும் இம்மாறுதலைக் கொணர்ந்தன. ஆனால், மருந்து வந்தபின் ஒரு புதிய கேள்வியும் எழுந்தது: அதை எந்தக் குழந்தைக்குக் கொடுப்பது, எப்போது நிறுத்துவது?

அக்கேள்விக்கு உதவிய பொருள், குழந்தைகளைப் பற்றிய எண்ணமே இல்லாத ஓர் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. நியூயார்க் நகரின் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் ஆஸ்வால்டு ஏவரி என்னும் அறிஞரின் குழுவினர் நிமோனியாக் கிருமியை ஆராய்ந்து வந்தனர். 1930இல் அக்குழுவைச் சேர்ந்த வில்லியம் டில்லட், தாமஸ் பிரான்சிஸ் ஆகிய இருவரும் அக்கிருமியிலிருந்து பிரித்தெடுத்த 'சி' என்னும் பகுதியை நோயாளிகளின் குருதிநீரோடு கலந்தனர். வெண்மையான வீழ்படிவு தோன்றியது. நோய்க்கு எதிராக உடல் ஆக்கும் எதிர்ப்பொருள் என்றால், அது குணமாகும் வேளையில் பெருகி, அதன்பின் நெடுநாள் நிலைத்திருக்க வேண்டும். இங்கு நிகழ்ந்ததோ நேர்மாறு. நோய் கடுமையாக இருந்தபோது வீழ்படிவு தோன்றியது. நோயாளி தேறியதும் அது மறைந்தது!

1941இல் ஏவரியும் அவருடைய துணைவர்களும் அப்பொருள் ஒரு புரதம் என்று விளக்கினர். 'சி' பகுதியோடு வினை புரிந்ததால் அது 'சி-ரியாக்டிவ் புரதம்' என்று பெயர் பெற்றது. இன்று மருத்துவமனைச் சீட்டுகளில் நீங்கள் காணும் சி.ஆர்.பி. இதுவே. உடலில் அழற்சி ஏற்படும்போது கல்லீரல் இதை ஆக்குகிறது. தாயின் குருதியில் உள்ள இப்புரதம் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையை அடைவதில்லை. ஆகவே, குழந்தையின் குருதியில் இது மிகுந்திருந்தால், அது அக்குழந்தையின் உடலே அளிக்கும் சாட்சியாகும்.

ஆனால், இந்தச் சாட்சி சற்றுத் தாமதமாகப் பேசும். நோய் தொடங்கி ஆறு முதல் எட்டு மணி நேரம் சென்ற பின்னரே இது உயரத் தொடங்கும். கடினமான பிரசவத்தாலும் இது உயரக்கூடும். எனவே, ஒரே சோதனையை நம்பாமல், ஒரு நாள் இடைவெளியில் மீண்டும் அளந்து பார்க்கும் வழக்கம் வந்தது. மீண்டும் மீண்டும் அளவு குறைவாகவே இருந்து, குழந்தையும் நன்றாக இருந்தால், மருந்தை நிறுத்தலாம் என்ற துணிவு பிறந்தது.

1993இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 'புரோகால்சிடோனின்' என்னும் மற்றொரு குறியைக் காட்டினர். அது விரைந்து உயர்வது. ஆயின், நலமாகப் பிறந்த குழந்தையிடமும் முதல் இரண்டு நாள்களில் அது இயல்பாகவே உயரும். அதனால் வயதை மணிக்கணக்கில் பார்த்து அளவை மதிப்பிட வேண்டியதாயிற்று. நான்கு நாடுகளில் ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2017இல் வெளிவந்தது. இக்குறியின் துணையால் மருந்து கொடுக்கும் காலம் சராசரியாக 65 மணியிலிருந்து 55 மணியாகக் குறைந்தது. பத்து மணி நேரம் சிறிதென எண்ணாதீர்கள். தேவையற்ற மருந்து குழந்தைக்கும் தீங்கு. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகவும் அது வழி செய்யும்.

ஒரு வியப்பையும் கூறிவிடுகிறேன். 1944இல் ஏவரி, மெக்லியோடு, மெக்கார்ட்டி ஆகிய மூவரும் மரபுப் பண்பைச் சுமப்பது டி.என்.ஏ. என்று காட்டினர். இன்று கிருமியின் டி.என்.ஏ.வைச் சில மணி நேரத்தில் கண்டறியும் சோதனைகள் அந்த உண்மையின் வழிவந்தவை. அந்த மெக்கார்ட்டியே 1947இல் சி.ஆர்.பி.யைப் படிகமாக்கிக் காட்டியவர். நோயுற்ற உடலின் குரல், கிருமியின் அடையாளம் ஆகிய இரண்டையும் அறியும் வழி ஓர் ஆய்வுக்கூடத்திலேயே தொடங்கியது!

தலைமையாசிரியனாக இருந்தபோது, ஒரு தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு எந்த மாணவனையும் முடிவு கட்டாதீர்கள் என்று என் உடனாசிரியர்களிடம் கூறுவேன். குருதிச் சோதனைக்கும் அது பொருந்தும். குறிகள் சாட்சிகளே, தீர்ப்புக் கூற வேண்டியவர் குழந்தையை அருகிருந்து பார்க்கும் மருத்துவர். அவர் முன் குழந்தையைக் காலத்தில் கொண்டு சேர்க்க வேண்டியவர்கள் நாம். உங்கள் வீட்டில் பிறந்த குழந்தை பால் மறுத்துச் சோர்ந்து கிடந்தால், உடம்பு சுடவில்லையே என்று காத்திராதீர்கள். அன்று எங்கள் வீட்டில் இதைச் சொல்ல ஒருவரும் இல்லை.