பரணில் கிடைத்த பாட்டுப் பெட்டி... ஓட விடும் முன் என்னென்ன பார்க்கணும்?

ஓசூர், கெலவரப்பள்ளி பக்கம் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டுவது இப்போ சாதாரண விஷயம். அப்படி இடிக்கும்போது பரணில் இருந்து இறங்கும் சாமான்களில், சூட்கேஸ் மாதிரி கைப்பிடி வைத்த ஒரு சின்னப் பெட்டியும் இருக்கலாம். திறந்தால் துணி ஒட்டிய வட்டத் தட்டு, ஊசி மாட்டும் கை, கூடவே நாலைந்து கறுப்பு ரெக்கார்டுகள். தாத்தா காலத்துப் பாட்டுப் பெட்டி.

அடுத்து என்ன நடக்கும்? ஒன்று, பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடுவார்கள். இல்லைன்னா ஆர்வத்தில் உடனே ஒரு ரெக்கார்டை வைத்து ஓட விட்டுப் பார்ப்பார்கள். இரண்டுமே தப்பு. இதில் இரண்டாவதுதான் பெரிய தப்பு. பெட்டியை எப்படியும் சரி பண்ணிடலாம், ஆனால் ஊசி கிழித்த ரெக்கார்டை யாராலும் சரி பண்ண முடியாது.

சாவி கொடுக்கும் பெட்டியா, கரண்ட் பெட்டியா?

கையில் தூக்கிக்கொண்டு போகும் பிளேயர்களில் இரண்டு தலைமுறை உண்டு. மூத்தது, கரண்டே தேவைப்படாத கிராமபோன். பக்கவாட்டில் கம்பியைச் செருகிச் சாவி கொடுத்தால் உள்ளே ஸ்பிரிங் முறுக்கிக்கொள்ளும். அது மெல்ல விரியும்போது தட்டு சுற்றும். ஊசியின் அதிர்வு சவுண்ட் பாக்ஸ் எனும் வட்ட டப்பாவில் சத்தமாக மாறி, பெட்டிக்குள்ளேயே மடக்கி வைத்த குழாய் வழியாக வெளியே வரும். ஹெச்.எம்.வி.யின் 101 மாடல் 1925-லும், அதற்கு அடுத்த 102 மாடல் 1931-லும் வந்தன. சேகரிப்பாளர்கள் இன்னைக்கும் தேடி அலைவது இந்த இரண்டையும்தான்.

இளையது, பேட்டரியிலோ கரண்டிலோ ஓடும் ரெக்கார்டு பிளேயர். 1970-களில் ஹெச்.எம்.வி. ஃபியஸ்டா வீட்டில் இருந்தால் தெருவே வந்து உட்கார்ந்து பாட்டு கேட்டதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். ஹெச்.எம்.வி.யிலேயே கலிப்ஸோ என்றொரு மாடலும் உண்டு. பிலிப்ஸும் இந்தப் போட்டியில் இருந்தது.

ரெக்கார்டிலும் இதே மாதிரி இரண்டு ரகம். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டு கனமா இருக்கும், கீழே விழுந்தால் பீங்கான் மாதிரி உடையும். காரணம், அது அரக்கில் செய்தது. ஆமாம், பூச்சியில் இருந்து எடுக்கும் அதே அரக்குதான். உலகத்து ரெக்கார்டு கம்பெனிகளுக்கெல்லாம் அதை அதிகம் அனுப்பிய நாடே நம்ம நாடுதான். 1948-ல் வந்த எல்.பி.யும் 1949-ல் வந்த 45 சுற்றுத் தட்டும் வினைல் எனும் பிளாஸ்டிக். லேசா வளையும், எடை குறைவு.

ஒரே ஊசி எல்லாத்துக்கும் ஆகாதா?

ஆகவே ஆகாது. 78 தட்டின் பள்ளம் அகலமானது. அதற்கான ஊசி முனை சுமார் 75 மைக்ரான். எல்.பி.க்கு சுமார் 25 மைக்ரான். எல்.பி. ஊசியை 78-ல் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் உருண்டு கரகரக்கும். 78 ஊசியை எல்.பி.யில் வைத்தால் பள்ளத்தின் மேல் விளிம்பையே தேய்த்துவிடும். பல பழைய கரண்ட் பிளேயர்களில் ஊசித் தலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். அதைத் திருப்பினால் இன்னொரு முனை கீழே வரும். ஒரு பக்கம் 78, மறுபக்கம் எல்.பி. இது தெரியாமலேயே பலர் ரெக்கார்டைக் கெடுத்திருக்கிறார்கள்.

சாவி கொடுக்கும் கிராமபோனில் எல்.பி.யை வைப்பது அதைவிடக் கொடுமை. அதன் சவுண்ட் பாக்ஸ் மட்டுமே 100 கிராமுக்கு மேல் அழுத்தும். இன்றைய நல்ல பிளேயர்களில் ஊசியின் அழுத்தம் 2 கிராம் அளவுதான். ஒரே ஒரு தடவை ஓட்டினால் போதும், எல்.பி. காலி. அதில் 78 மட்டும்தான் வைக்கணும். அதுவும் இரும்பு ஊசியைப் பக்கத்துக்கு ஒன்று வீதம் மாற்றணும். தட்டில் கலந்திருக்கும் கல்தூள், ஊசி முனையைத் தன் பள்ளத்துக்கு ஏற்ப தேய்த்துக்கொள்ளும். தேய்ந்த அதே ஊசியை அடுத்த தட்டில் வைத்தால் அது உளி மாதிரி வேலை செய்யும். "ஒரு ஊசிதானே, போகட்டும்" என்று சிக்கனம் பார்த்த வீடுகளின் ரெக்கார்டுகள்தான் இன்று சாம்பல் நிறத்தில் இரைச்சலோடு கிடைக்கின்றன.

துடைப்பதிலும் ஒரு வில்லங்கம் இருக்கு. யூடியூபில் பார்த்துவிட்டு ஸ்பிரிட்டை ஊற்றி 78 தட்டைத் துடைக்காதீங்க. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். லேபிள் நனையாமல், ஈரத் துணியால் பள்ளம் போகும் திசையில் துடைத்து உடனே உலர்த்தினாலே போதும்.

இதுக்கு இவ்வளவு கவலை ஏன் என்று கேட்கலாம். எஸ்.ஜி.கிட்டப்பாவை எடுத்துக்கோங்க. 1933-ல் காலமான அந்த நாடக மேதை ஒரு சினிமாவில்கூட நடிக்கவில்லை. அவர் குரல் நமக்கு மிஞ்சியது கிராமபோன் தட்டுகளில் மட்டும்தான். ஏ.வி.மெய்யப்பனின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் காலத்து ஓடியன் தட்டுகளும் அப்படித்தான். மூலப் பதிவு எங்கேயும் இல்லாமல் வீடுகளில் இருக்கும் தட்டே கடைசிப் பிரதியாக இருக்க வாய்ப்பு உண்டு. மும்பையில் 1990-ல் தொடங்கிய இந்திய ரெக்கார்டு சேகரிப்பாளர் சங்கத்தினர், பிரிட்டிஷ் லைப்ரரி திட்டத்தின் கீழ் ஓடியன் தட்டுகளைத் தேடித்தேடி டிஜிட்டல் ஆக்கினார்கள். அவர்களுக்குக் கிடைத்ததும் இப்படி வீட்டில் தப்பிப் பிழைத்த தட்டுகள்தான்.

பெட்டியை எப்படி சரி பண்ணுவது?

சாவிப் பெட்டியில் முதல் எதிரி காய்ந்த கிரீஸ். ஓடும்போது உள்ளே 'டக் டக்' என்று குலுங்கினால், ஸ்பிரிங் சுருள்கள் ஒட்டிக்கொண்டு திடீரென விடுபடுகின்றன என்று அர்த்தம். ஸ்பிரிங் டப்பாவைத் திறந்து, மண்ணெண்ணெயில் கழுவி, கிராஃபைட் கலந்த கிரீஸ் போடணும். ஆனால் முறுக்கு முழுசா இறங்காமல் திறக்கவே கூடாது. அந்தப் பட்டை விரிந்து அடித்தால் கை கிழியும். பழக்கம் இல்லாதவர்கள் இந்த ஒரு வேலையை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுடுங்க. அடுத்து சவுண்ட் பாக்ஸ்: அதற்குள் இருக்கும் ரப்பர் வளையம் கல்லாக இறுகியிருக்கும். அதை மாற்றினாலே தகர டப்பா சத்தம் போய் குரல் தெளியும்.

கரண்ட் பெட்டியை நேராகப் பிளக்கில் சொருகாதீங்க. பழைய வால்வு செட்டுகளில் சிலவற்றில் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்திலேயே கரண்ட் பாயும். எலெக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டில், குண்டு பல்பு வழியாக கரண்ட் கொடுத்துப் பார்ப்பதுதான் பாதுகாப்பு. பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட்.

தட்டைச் சுற்ற வைக்கும் ரப்பர் சக்கரம் இறுகியிருந்தால் உப்புத்தாளால் லேசா தேய்த்தால் பிடிப்பு வரும். பள்ளம் விழுந்திருந்தால் புதுசு செய்யணும். இந்த விஷயத்தில் ஓசூர்க்காரர்களுக்கு அதிர்ஷ்டம்தான். வண்டி உதிரிபாகம் செய்யும் ஊர், தெருவுக்குத் தெரு லேத் பட்டறை. பழைய சக்கரத்தை மாதிரிக்குக் கொடுத்தால் புஷ், அச்சு எல்லாம் கடைந்து வாங்கலாம். பெல்ட் ஓடும் மாடல் என்றால் சரியான அளவு ஓ-ரிங் பெரும்பாலும் வேலையை முடித்துவிடும். எலெக்ட்ரானிக் பாகத்துக்கு 40 கிலோமீட்டர் தள்ளி பெங்களூரு எஸ்.பி. ரோடு இருக்கு.

வேகம் சரியா இருக்கான்னு பார்க்க கருவியே வேண்டாம். தட்டின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, போனில் டைமர் வைத்து எண்ணுங்க. எல்.பி. வேகத்தில் 3 நிமிடத்துக்குச் சரியா 100 சுற்று வரணும். வேண்டாத ரெக்கார்டு ஒன்றில் ஊசியை வைத்தபடியே எண்ணுங்க. வெறும் தட்டு எப்பவும் கொஞ்சம் வேகமாத்தான் ஓடும்.

பளபள பித்தளைக் குழாய் நிஜமா?

பெரும்பாலும் இல்லை. பழம்பொருள் கடைகளிலும் ஆன்லைனிலும், பூ மாதிரி விரிந்த பித்தளைக் குழாய், நாய் படம், எண்கோண மரப்பெட்டி என்று அழகா நிற்பவை பல, சுற்றுலாப் பயணிகளுக்காகச் சமீப காலத்தில் ஒட்டுப்போட்டுச் செய்தவை. வலி என்னன்னா, அதற்குள் சுற்றும் மோட்டார் பல நேரம் ஒரு நிஜமான போர்ட்டபிள் பெட்டியில் இருந்து பிடுங்கியது. நாம் எடைக்குப் போட்ட தாத்தாவின் பெட்டி, குழாய் முளைத்துத் திரும்ப நம்மிடமே விலைக்கு வருகிறது.

வாங்கப் போகிறவர்கள் மூன்று இடத்தை மட்டும் பார்த்தாலே போதும். திருகாணிகள் புதுசா, குழாயும் கையும் சேரும் வளைவு கரடுமுரடா, மரத்தில் சாவித் துளையைச் சுற்றிப் பழைய தேய்மானம் இருக்கா. அப்புறம் விற்பவரிடம் ஒரு 78 தட்டைப் பக்கம் முழுக்க ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. நல்ல ஸ்பிரிங் என்றால் முழுசா கொடுத்த ஒரே சாவியில், மூன்று நிமிடப் பாட்டு இழுக்காமல் முடியும்.