திறந்த காரில் தோள் பெல்ட்

கூரையுள்ள காரில் சீட் பெல்ட்டின் தோள் பட்டை கதவுத் தூணிலிருந்து, ஏறக்குறைய காது உயரத்திலிருந்து இறங்குகிறது. திறந்த காரில் அந்தத் தூண் கதவின் மேல் விளிம்போடு நின்றுவிடும். பழைய கன்வர்ட்டிபிள் கார்களில் தோள் பெல்ட் பொருத்துவதிலுள்ள தலைவலி முழுவதும் இல்லாமற்போன அந்த ஒன்றரை அடி இரும்பால் வந்தது.

ஸ்ரீரங்கத்தில் திறந்த கார் என்றதும் ஜானவாசம்தான் நினைவுக்கு வரும். நாயனக்காரர்கள் முன்னே நடக்க, மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாகப் பின் இருக்கையில் அமர்ந்திருக்க, சுற்றிலும் வாண்டுகள் நெருக்கியடித்து ஏறிக்கொள்ள, உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் கார் ஊர்ந்து வரும். நடை வேகத்தில் போகும் வண்டிக்குப் பெல்ட் எதற்கு என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அதே கார் கல்யாண வீட்டுக்கு வரவும் ஷெட்டுக்குத் திரும்பவும் காவிரிப் பாலத்தைத் தாண்ட வேண்டும். பழைய கார் அணிவகுப்புக்குப் போவதென்றால் சென்னை நெடுஞ்சாலையில் ஆம்னி பஸ்களுக்கு நடுவே ஓட வேண்டும்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பழக்கமான உதாரணம் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவான்னி மிக்கெலோட்டி வரைந்து, 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டாக வெளிவந்த கார் இது. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் இதைத் தயாரித்தது. தனி சேஸிஸ், அதன்மேல் போல்ட் போட்டு இறுக்கிய உடற்பகுதிகள். இரண்டு கதவு மாடலின் கூரையும் அப்படியே போல்ட்டில் நிற்பதுதான். ஸ்பேனரும் நாலு கையும் இருந்தால் கூரை கழன்றுவிடும். கழற்றிய பிறகு தோள் உயரத்தில் பெல்ட் மாட்ட எதுவும் மிஞ்சாது.

இன்று எல்லாக் கார்களிலும் இருக்கும் மூன்று முனைப் பெல்ட்டை வோல்வோவின் பொறியாளர் நில்ஸ் போலின் 1959இல் உருவாக்கினார். அதற்கு முன் சாப் நிறுவனத்தில் போர் விமானிகளை வெளியே வீசும் இருக்கைகளில் வேலை பார்த்தவர் அவர். வோல்வோ தன் காப்புரிமையை மற்ற நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டது. ஹெரால்ட் வெளிவந்த அதே ஆண்டு. ஆனாலும் வண்டலூர் வண்டிக்கும் அந்தப் பெல்ட்டுக்கும் சந்திப்பே நிகழவில்லை.

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதுவது, ஆறு மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். 60 கிலோ எடையுள்ளவரை 30 செ.மீ. தூரத்துக்குள் பெல்ட் நிறுத்தினால் அதன்மேல் சுமார் 1,250 கிலோ எடைக்கு நிகரான விசை விழும். ஹெரால்டின் எடையே ஏறத்தாழ 800 கிலோதான். இடுப்புப் பட்டை மட்டும் இருந்தால் உடல் நடுவில் மடங்கி, முகம் ஸ்டியரிங்கில் போய் இடிக்கும். தோள் பட்டை வேண்டும் என்பது அதனால்தான்.

எங்கே மாட்டுவது? பலரும் முதலில் கைவைக்கும் இடம் பின் சக்கரத்தின் மேல் வளைவுத் தகடு. சில சிறிய கார்களில் இது ஒத்துவரும். ஆனால் பட்டை தோளிலிருந்து பின்னோக்கி ஏறக்குறைய கிடைமட்டமாகப் போக வேண்டும். செங்குத்தாகக் கீழே இறங்கினால் மோதலின்போது தோளைக் கீழே அழுத்தி முதுகெலும்பை நெரிக்கும். போதாக்குறைக்கு, மடிக்கும் துணிக்கூரையின் கம்பிகளும் அதே இடத்தில்தான் வந்து படுக்கும். ரீல் வகைப் பெல்ட்டில் இன்னொரு தொல்லை: உள்ளேயிருக்கும் குண்டோ ஊசலோ வண்டியின் சாய்வை உணர்ந்து பூட்டுவதால், ரீலைக் கோணல்மாணலாக மாட்டினால் நின்ற வண்டியிலும் பட்டை வெளியே வராது. அதற்குப் பயந்து ரீல் இல்லாத பழைய வகையை வாங்குகிறவர்கள், ஒவ்வொரு தடவையும் நீளத்தைச் சரிசெய்து இறுக்கிக்கொள்ள வேண்டும்.

மெர்சிடிஸ் 1989இல் கொண்டுவந்த எஸ்எல் காரில் தோள் பட்டை இருக்கையிலேயே இணைந்து வந்தது. அதைப் பார்த்து ஆசைப்பட்டுப் பழைய இருக்கையின் முதுகில் பெல்ட்டைத் தைப்பது தற்கொலைக்கு ஒப்பு; 1960களின் இருக்கைக் குழாய்கள் அந்த விசையில் வளைந்து முன்னே சாயும். இருக்கைகளுக்குப் பின்னால் ரோல் பார் நிறுத்தி, அதன் குறுக்குக் கம்பியில் பட்டையை மாட்டுவதே உருப்படியான வழி. வண்டி கவிழ்ந்தாலும் தலைக்குமேல் ஏதோ ஒன்று இருக்கும். தலை தொடும் தூரத்தில் இருந்தால் கம்பிக்குக் கெட்டியான பஞ்சுறை கட்டாயம்.

போல்ட்டுக்குப் பெரும்பாலும் 7/16 அங்குல, நெருக்கமான மரையுள்ள அளவு. வெறும் வாஷர் போதாது. தகட்டின் மறுபக்கம் உள்ளங்கை அகலத்துக்கு 3 மி.மீ. பிளேட் வைத்தால்தான் விசை பரவும். அதற்கும் முன், அந்தத் தகடு தகடுதானா என்று பார்க்க வேண்டும். ஸ்ரீரங்கத்தில் இரண்டு ஆறுகளுக்கு நடுவே நின்ற வண்டியில் துருவைப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து மறைத்திருப்பார்கள். ஒரு காந்தத்தை மெல்ல நகர்த்தினால் பட்டி இருக்கும் இடத்தில் பிடி தளர்ந்து வழுக்கும். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டினால் ‘டங்’ என்பதற்குப் பதில் ‘டொப்’ என்று கேட்கும்.

திருச்சியில் வெல்டிங்குக்குப் பஞ்சமில்லை. பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் இங்கேதான் இருக்கிறது. துவாக்குடிப் பட்டறைகளில் கொதிகலன் பாகங்களைப் பற்றவைத்துத் தேர்ந்த கைகள் ஏராளம். ரோல் பார் செய்ய அந்தக் கை வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய பாடித் தகட்டுக்கோ நல்ல டிங்கர்தான் சரி. தடித்த குழாயில் பழகியவர் கண் இமைப்பதற்குள் தகட்டில் ஓட்டை போட்டுவிடுவார்.

சட்டம் பழைய கார்களைக் கட்டாயப்படுத்தவில்லை. முன் இருக்கைகளில் பெல்ட் வைத்தே வண்டியை விற்க வேண்டும் என்ற விதி 1994 வாக்கில்தான் தயாரிப்பாளர்களுக்கு வந்தது. பெல்ட் அணியாததற்கான 1,000 ரூபாய் அபராதம் 2019 திருத்தச் சட்டத்தில் வந்தது. பெல்ட் இல்லாமலே பிறந்த ஹெரால்டுக்கு இரண்டும் பொருந்தாது. இன்னொரு விதிதான் இடிக்கிறது. 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் வந்த ‘விஏ’ வரிசைப் பதிவின்படி, சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஆகவே ரோல் பாரைப் பற்றவைக்காமல் போல்ட்டில் நிறுத்தி, வேண்டும்போது சுவடில்லாமல் கழற்றும்படி செய்துகொள்வது புத்திசாலித்தனம். முதல் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அந்தப் பதிவு வாங்கிய காரை அணிவகுப்புக்கும் கண்காட்சிக்கும் ஓட்டிப் போகலாம். ஜானவாசத்துக்கு வாடகைக்கு விட முடியாது.